பூட்டிய அறையும் நாள் கணக்கும்: சிறைபட்ட பெண்ணின் கதையைக் கடலூர், புதுச்சேரிப் பின்னணியில் எழுதுவது எப்படி

அடைத்து வைக்கப்பட்ட ஒரு பெண்ணைப் பற்றி உளவியல் திகில் நாவல் எழுத உட்காருபவர்களில் பாதிப் பேர் முதலில் வில்லனைத் தயார் செய்கிறார்கள். அவனுக்குக் கொடுமையான சிறுவயது, விசித்திரமான சிரிப்பு, கையில் ஒரு தழும்பு. அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு முதலில் ஒரு கணக்கு நோட்டு வாங்குங்கள். இந்த வகைக் கதையில் பயம் கணக்கிலிருந்துதான் கிளம்புகிறது. இன்று என்ன தேதி, எத்தனை வேளை சோறு வந்தது, போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் போனது, அவள் நினைக்கிற தேதிக்கும் வெளியே ஓடுகிற தேதிக்கும் எத்தனை நாள் வித்தியாசம். இந்தக் கணக்கு உங்கள் கையில் சுத்தமாக இருந்தால் வில்லன் சும்மா கதவைத் திறந்தாலே வாசகருக்கு வியர்க்கும்.

அறை

கட்டம் போட்ட தாளில் அறையை வரையுங்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி போதும். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, கீல் உள்ளே தெரிகிறதா, வெளியே நாதாங்கியா கொண்டியா, பூட்டு தொங்குகிற சத்தம் உள்ளே கேட்குமா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் உள்பக்கம் திறந்த கதவு இருபதாம் அத்தியாயத்தில் வெளிப்பக்கம் திறந்தால், அதைக் கண்டுபிடித்துக் கடிதம் போடுகிற வாசகர் எப்படியும் ஒருவர் இருப்பார்.

எழுதுபவர்கள் அதிகம் மறப்பது கக்கூஸை. இரண்டாவது தண்ணீர். மூன்றாவது மாதவிலக்கு. சித்திரை வெயிலில் கடலோர ஊரில் மூடிய அறைக்குள் இருக்கிற ஆளுக்கு ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீராவது வேண்டும். அது குடத்தில் வருகிறதா, பாட்டிலில் வருகிறதா, யார் நிரப்புகிறார், ஒருநாள் வராவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்று விஷயத்துக்கும் விடை தெரிந்தாலே ஐந்தாறு காட்சிகள் தானாக வந்துவிடும். ஒரு வாளியைக் கேட்டு வாங்குவதே ஒரு முழு அத்தியாயம். அவன் கொடுப்பானா, கொடுத்துவிட்டு எதைத் திரும்பக் கேட்பான் என்பதில்தான் இருவருக்கும் நடுவில் இருக்கிற உறவு வெளிப்படும்.

கடலோர வீட்டுக்கு உப்புக்காற்று ஒரு பாத்திரம். கடலூர் முதுநகரில், ஊர்க்காரர் வாயில் ஓ.டி.யில், பழைய வீடுகளின் ஜன்னலில் மரச்சட்டத்துக்குள் இரும்புக் கம்பி இறங்கியிருக்கும். கம்பி நடுவில் துருப்பிடிப்பதைவிட, அடியில் சட்டத்துக்குள் நுழைகிற இடத்தில்தான் அதிகம் அரிக்கும். மழைத்தண்ணீரும் உப்பும் அங்கேதான் தேங்கும். மேலே பெயிண்ட் முழுசாக இருக்கும், உள்ளே பொருபொருவென்று உதிரும். தப்பிப்பதற்கு வழி தேடுகிறீர்கள் என்றால் கொண்டை ஊசியால் பூட்டைத் திறக்கிற காட்சியை விட்டுவிட்டு இதை எடுங்கள். ஸ்பூன் காம்பால் சுரண்ட வாரக்கணக்கில் ஆகும், விரல் நகம் பிய்யும், உதிர்ந்த துருவை மறைத்தாக வேண்டும். சாம்பார் சாதத்தில் கலந்து கக்கூஸில் கொட்டுகிறாள் என்று வைத்துக்கொண்டால், அன்றைக்கு அவள் பட்டினி என்பதும் கணக்கில் சேரும்.

எந்த ஊர், எந்தத் தெரு

புதுச்சேரி என்றதும் மஞ்சள் சுவரும் போகன்வில்லாவும் உள்ள பிரெஞ்சுத் தெருவுக்குக் கதையைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். படத்துக்கு அழகு, கதைக்கு ஆகாது. அந்தப் பகுதி சின்னது. சனி, ஞாயிறில் சுற்றுலாக் கூட்டம் நெரியும், வாசலுக்கு வாசல் போட்டோ எடுக்கிறார்கள், பாதி வீடுகளில் கேமரா. சாயங்காலமானால் கடற்கரைச் சாலையில் வண்டியையே விடமாட்டார்கள். அங்கே ஒருத்தியை மாதக்கணக்கில் மறைத்து வைத்திருக்கிறான் என்றால் நம்புவதற்கு நிறைய விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

நம்பகமான இடம் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிறது. பாகூர்ப் பக்கம், தென்பெண்ணை ஆற்றுக்கு வடக்கே, புதுச்சேரி மண்ணும் கடலூர் மாவட்டமும் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. வரப்பைத் தாண்டினால் வேறு அரசாங்கம். முள்ளோடையில் சாராயக்கடைக்கு வருகிற வண்டிகளில் பி.ஒய். எண்ணும் இருக்கும், டி.என். 31-ம் இருக்கும். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். கிருமாம்பாக்கம் காவல் நிலையம் புதுச்சேரிக்குச் சேர்ந்தது, ரெட்டிச்சாவடி காவல் நிலையம் தமிழ்நாட்டுக்குச் சேர்ந்தது. அவள் காணாமல் போன தெரு ஒன்றில், அவள் இருக்கிற வீடு மற்றொன்றில் என்று வைத்தால், வில்லன் பெரிய மூளைக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் செல்போன் விஷயத்தில் இந்த எல்லையை நம்பாதீர்கள். தொலைத்தொடர்புக்குப் புதுச்சேரியும் தமிழ்நாட்டு வட்டத்துக்குள்தான் வருகிறது. எல்லை தாண்டியதும் "ரோமிங்" வந்தது, அதனால் மாட்டினான் என்று எழுதினால் அது பிழை.

காதுதான் காலண்டர்

நாவலின் முதுகெலும்பு இங்கே. அறைக்குள் வரக்கூடிய சத்தத்தையும் வாசனையையும் முதலில் பட்டியல் போடுங்கள். வெள்ளிக்கிழமை மதியம் பள்ளிவாசல் பிரசங்கம். ஞாயிறு காலை கோயில் மணி (புதுச்சேரியில் தேவாலயத்தையும் கோயில் என்றுதான் சொல்வார்கள், சம்பா கோயில் மாதிரி). பள்ளிக்கூடத்து மணி. மார்கழி என்றால் விடியலுக்கு முன்னே ஸ்பீக்கரில் திருப்பாவை, ஆடி என்றால் கூழ் ஊற்றுகிற இடத்து அம்மன் பாட்டு. விழுப்புரம் மயிலாடுதுறை ரயில் பாதை. ஓ.டி.க்குத் தெற்கே சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. தெற்குக் காற்றடித்தால் அழுகிய முட்டை மாதிரி ஒரு நாற்றம் மிதந்து வரும். கோடையில் காலை முழுக்க மேற்கிலிருந்து அனல், மதியத்துக்கு மேல் கடல்காற்று புகும். ஜன்னலே திறக்காவிட்டாலும் கதவிடுக்கில் காற்றின் ஈரம் மாறுவதை வைத்து மணி ஒன்றோ இரண்டோ என்று சொல்லலாம்.

இதில் எல்லாவற்றையும் அவளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்கிற அறையில் யாருக்கும் நாள் தவறாது, அங்கே உங்கள் கதை படுத்துவிடும். மூன்றைக் கொடுங்கள், அதில் ஒன்றைக் கெடுங்கள். கோயில் ஸ்பீக்கர் பழுதாகட்டும், பள்ளிக்கு விடுமுறை விடட்டும்.

இன்னொன்று, சத்தம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பேசாது. கோயம்புத்தூரிலிருந்து வங்கி வேலைக்கு வந்த பெண்ணுக்குத் துறைமுகத்துச் சத்தம் வெறும் இரைச்சல். மீனவர் வீட்டில் பிறந்தவளுக்கு அது கடிகாரம். ஆகவே அவளுடைய தொழிலையும் பிறந்த வீட்டையும் அழகுக்காகத் தேர்ந்தெடுக்காமல், அவளால் எந்தச் சத்தத்தைப் படிக்க முடியும் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

எடுத்துக்காட்டு ஒன்று. கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தடை விசைப்படகுகளுக்குத்தான், சின்ன ஃபைபர் படகுகள் போய்க்கொண்டிருக்கும். இப்போது துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை. ஏப்ரல் 20-ஆம் தேதி ராத்திரி அவளைக் கொண்டுவந்து அடைத்தாகிவிட்டது. மறுநாளிலிருந்து சுவரில் கோடு கீறுகிறாள்.

"முதலில் தரைதான் அவளை எழுப்பியது. பாய்க்குக் கீழே சிமெண்டு லேசாக அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. ஃபைபர் படகு இப்படிச் செய்யாது, அது கத்திக்கொண்டு போகும். இது நெஞ்சுக்குள் இடிக்கிற சத்தம். அப்பா படகைக் கிளப்பும்போது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே கேட்ட சத்தம். ஒன்று, இரண்டு, ஆறு, அதற்கு மேல் எண்ண முடியவில்லை. சுவரைத் தடவிக் கோடுகளை எண்ணினாள். முப்பத்தெட்டு. அப்படியானால் இன்றைக்கு மே இருபத்தெட்டு. மே மாசத்தில் யார் படகை எடுத்தது?"

எடுத்தவர்கள் சரியாகத்தான் எடுத்தார்கள். அது ஜூன் 15, விடிவதற்கு முன். பதினெட்டு நாள் அவளிடமிருந்து காணாமல் போயிருக்கிறது. இந்த இடத்தில் வில்லன் அறையிலேயே இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பதினெட்டு நாள் தவறுமா என்று கேட்பார்கள். தவறும். 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு ஆய்வாளர் கடிகாரம் இல்லாமல் ஒரு குகைக்குள் இரண்டு மாதம் தானே விரும்பித் தங்கினார். வெளியே செப்டம்பர் 14. அவர் கணக்கில் அன்றைக்கு ஆகஸ்ட் 20. பயம் இல்லாத, தயாராக இறங்கிய ஆளுக்கே இருபத்தைந்து நாள் பிசகியது.

நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் உண்மைத் தேதி, வலப்பக்கம் அவள் தேதி. எந்த இரவில் அவள் பகலென்று நினைத்துத் தூங்கினாள், எந்தச் சோறு இரண்டு வேளைக்குச் சேர்த்து வந்தது என்று வரிக்கு வரி குறியுங்கள். வாசகருக்கு வலப்பக்கம் மட்டும் தெரிய வேண்டும். இடப்பக்கத்தை நீங்கள் மறந்தால், கதை முடியும்போது யாரோ விரல்விட்டு எண்ணிக் காட்டுவார்கள்.

உடம்பிலும் காலண்டர் உண்டு. விரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மி.மீ. வளரும், தலைமுடி ஏறத்தாழ ஒரு செ.மீ. கல்யாண வீட்டுக்கு மருதாணி வைத்துக்கொண்ட கையோடு அவளைக் கொண்டுவந்திருந்தால், நகத்தின் அடியில் வெள்ளையாக ஏறிவருகிற பிறையே அவளுக்குச் சாட்சி. சுவர்க்கோடு ஒரு மாதம் என்கிறது, நகம் இரண்டு மாதம் என்கிறது. யாரை நம்புவாள்? மாதவிலக்கை மட்டும் நாள்காட்டியாக வைக்காதீர்கள். பயத்திலும் பட்டினியிலும் அது தள்ளிப்போகும், நின்றும் போகும். அதனால் அவளுக்கு வருகிற வேறொரு பயத்தை வேண்டுமானால் எழுதுங்கள்.

நீ, நீங்க, டி

தமிழில் எழுதுபவருக்குக் கிடைத்த பெரிய வசதி விகுதி. அடித்துக் காட்ட வேண்டியதை ஒரு விகுதியில் காட்டிவிடலாம். அடைத்து வைத்தவன் தெரிந்த ஆளாக இருப்பது நல்லது. வீட்டுக்காரர், சொந்தத்தில் மாமா முறை, பழைய டியூஷன் வாத்தியார். அவன் மரியாதையாகப் பேசட்டும்.

"இட்லி ஆறிடப் போவுது, சாப்பிடுங்கம்மா."
"இன்னிக்கு என்ன கிழமைங்க சார்?"
தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தான்.
"கிழமை தெரிஞ்சி என்னா பண்ணப் போற?"

முதல் வரியில் "சாப்பிடுங்கம்மா", கடைசி வரியில் "பண்ணப் போற". குரலை உயர்த்தவில்லை, கையை ஓங்கவில்லை, ஆனால் ஏதோ ஒரு விதியை அவள் மீறிவிட்டாள் என்று அவளுக்கும் நமக்கும் தெரிந்துவிட்டது. பத்து அத்தியாயம் கழித்து அவள் "சார்" விட்டு "அண்ணே" என்று கூப்பிடத் தொடங்கினால் அது தந்திரமா, பழக்கமா என்று வாசகர் குழம்ப வேண்டும். கூப்பிடுகிற முறை எந்த அத்தியாயத்தில் எப்படி மாறுகிறது என்று நோட்டில் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கட்டும்: "வூடு", "என்னா", "தெரிஞ்சி". மதுரைத் தமிழைக் கடலூர் ஆள் வாயில் திணித்தால் முதல் பக்கத்திலேயே ஒட்டாது.

அவன் ஏன் இப்படி ஆனான் என்று கடைசியில் மூன்று பக்கம் வசனம் பேச விடாதீர்கள். அவளுக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரிந்தால் போதும்.

மனசு

"ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்" என்ற சொல்லைக் கதைக்குள் டாக்டர் வாயில் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். 1973 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோம் வங்கியில் ஆறு நாள் பிணையாக வைக்கப்பட்டவர்கள், பிடித்து வைத்தவர்கள் பக்கமே சாய்ந்ததை வைத்து வந்த பெயர் அது. மனநோய்களின் அதிகாரபூர்வப் பட்டியலில் அப்படி ஒரு நோயே கிடையாது. கொடுமைக்காரன் மேல் காதல் வந்தது என்று எழுதுவது சோம்பேறித்தனம், கொஞ்சம் அசிங்கமும்கூட. நடப்பது வேறு. தண்ணீரும் வெளிச்சமும் ஒரே ஆள் கையில் இருக்கும்போது அவன் முகத்தைப் படிப்பதுதான் பிழைப்பு. செருப்புச் சத்தத்தை வைத்தே அவன் மனநிலையைக் கண்டுபிடிப்பாள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் பதறுவாள், ஏனென்றால் அவன் செத்தால் கதவைத் திறக்க ஆளில்லை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது அன்பு மாதிரி தெரியும். இந்த ஒரு இடத்தைச் சரியாக எழுதினால் சிண்ட்ரோம் பெயர் எதுவும் வேண்டாம்.

கதவு திறந்து கிடந்த ஒருநாள் அவள் ஓடவில்லை என்று வைக்கிறீர்களா? நல்ல காட்சி. ஆனால் அதற்கு முன்பு இரண்டு தடவையாவது கதவு திறந்து கிடந்து, அது சோதனையாக முடிந்து, தண்டனை கிடைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாசகர் அவளை முட்டாள் என்பார்.

அடிக்கிற காட்சி ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு. மூன்றாவதில் வாசகர் மரத்துப்போவார். அதை எழுதும்போது கண் அவளுடைய கண்ணாக இருக்கட்டும். விட்டத்தில் ஓடுகிற பல்லி, விளிம்பு நெளிந்த எவர்சில்வர் டம்ளர். சேலை விலகியதை வர்ணிக்கிற வரி வந்தால், அது அவள் பார்வையா அவன் பார்வையா என்று கேட்டுவிட்டு அடித்துவிடுங்கள்.

வெளியே நடப்பது

காணவில்லை என்று புகார் கொடுக்க 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது சினிமாச் சட்டம், நிஜத்தில் அப்படி இல்லை. எல்லைப் பிரச்சினையும் சட்டப்படி தடை இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் எல்லை பார்க்காமல் முதல் தகவல் அறிக்கை, அதாவது ஜீரோ எஃப்.ஐ.ஆர்., போட்டு உரிய இடத்துக்கு அனுப்பலாம். நடைமுறையில் தாமதம் வேறு கேள்வியில் தொடங்கும்: "யார்கூடயாவது பழக்கம் இருந்துச்சா?" அந்தக் கேள்வியைக் கேட்பது போலீஸாக மட்டும் இருக்க வேண்டியதில்லை, சித்தியும் கேட்கலாம். குடும்பமே மானத்துக்குப் பயந்து பத்து நாள் புகார் கொடுக்காமல் இருப்பது வில்லனுக்குக் கிடைக்கிற பெரிய உதவி.

அடுத்த படி ஆட்கொணர்வு மனு. கடலூர், புதுச்சேரி இரண்டுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான், இரண்டு நீதிபதிகள் அமர்வு விசாரிக்கும். கதை 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 127-ஆவது பிரிவு, பத்து நாளோ அதற்கு மேலோ அடைத்து வைத்தால் ஐந்தாண்டு வரை சிறை. அதற்கு முந்தைய கதை என்றால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்து எண்கள். கைக்குட்டையில் குளோரோஃபார்ம் வைத்து மூன்று நொடியில் மயக்குவதையும் விட்டுவிடுங்கள். அதற்கு நிமிடக்கணக்கில் ஆகும்.

புயல் வைக்க ஆசை வரும், வையுங்கள். 2011 டிசம்பர் 30 "தானே" புயலில் கடலூர் மாவட்டத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து பாதையை அடைத்தன. பல ஊர்களுக்குக் கரண்ட் வர வாரங்கள் ஆயின. அடைத்தவனால் வர முடியவில்லை, குடத்தில் அரைக்குடம் தண்ணீர். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் இன்னும் நுட்பமானது. மழை விட்டு ஊர் மூச்சு விட்ட பிறகு, சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோரம் புகுந்தது. ஆபத்து முடிந்தது என்று அவன் நிம்மதியாகப் பூட்டிவிட்டுப் போன அன்றைக்குத்தான் கதவிடுக்கில் சேறு நுழையும். ஆனால் வெள்ளத்தில் அவன் அடித்துக்கொண்டு போனான் என்று முடித்துவிடாதீர்கள். துருப்பிடித்த கம்பியை அவள் எதற்கு நாற்பது நாள் சுரண்டினாள்?

அளவு

தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் 40,000 முதல் 45,000 சொல்லுக்கே இருநூறு பக்கத்துக்கு மேல் வரும். முப்பது அத்தியாயம், ஒன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறு சொல் என்று பிரியுங்கள். முதல் 2,500 சொல்லுக்குள் கதவு பூட்டியாக வேண்டும். அதற்கு முந்தைய வாழ்க்கையைப் பின்னால் நினைவாகக் கொடுக்கலாம், அங்கே அது சோற்றைவிடப் பெரிய பொருள். உள்ளே மூன்று அத்தியாயம் என்றால் வெளியே ஒன்று. சரிபாதியாகப் பிரித்தால் வாசகர் வெளிக்காற்றை அதிகம் சுவாசித்துவிடுவார்.

இருபத்தைந்தாம் அத்தியாயத்தில் அவள் வெளியே வந்துவிடட்டும். மீதி ஐந்தும் வீட்டில். குளியலறைக் கதவைத் தாழிடமாட்டாள். வெளியே யாராவது தாழ் போட்டால் அலறுவாள். சாப்பாட்டைப் பாதி எடுத்துத் தலையணைக்கடியில் வைப்பாள். அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அவன் ஏதாச்சும் பண்ணானாடி?" என்று கேட்பாள். பதில் எழுதாமல் விடுங்கள். அவள் கேட்கிற எதிர்க்கேள்வியை மட்டும் எழுதுங்கள்: "இன்னிக்கு என்ன கிழமை அத்தை?"